பல் கழற்றப் போகிறீர்களா? முதலில் வைத்தியரிடம் இவற்றைச் சொல்லுங்கள்

பல் கழற்றுவதை எமது மக்களில் பலர் ஒரு பெரிய விடயமாக எடுப்பதில்லை. பைபாஸ் சத்திரசிகிச்சை என்றால் குடும்பமே கூடி ஆலோசனை செய்யும். பழைய அறிக்கைகளையெல்லாம் தேடி எடுப்போம், தெரிந்த வைத்தியர்களிடம் விசாரிப்போம். பல் என்றால் "ஒரு பல்லுத்தானே, கழட்டிப்போட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவோம். போகின்றவரும் வலியைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டு போவார். வைத்தியர் "வேறு வருத்தங்கள் ஏதும் இருக்கிறதா?" என்று கேட்டால், "இல்லை டொக்டர்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். சீனிக்கும் பிரஷருக்கும் பத்து வருடமாகக் குளிசை பாவிப்பவர்கூட அப்படித்தான் சொல்வார். பல்லுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பதே அவரது எண்ணம்.

சம்பந்தம் உண்டு. பல் என்பது ஈறின் மேல் ஒட்டியிருக்கும் ஒன்றல்ல. அதன் வேர் தாடை எலும்புக்குள் ஒரு குழியில் இருக்கிறது. அதைக் கழற்றினால் எலும்பு வரை திறந்த ஒரு காயம் மிஞ்சும். பெரும்பாலும் அதற்குத் தையல்கூடப் போடப்படுவதில்லை. உமிழ்நீரும் உணவும் கிருமிகளும் இருக்கும் வாய்க்குள்ளேயே அந்தக் காயம் ஆற வேண்டும். அதற்கு உடல் மூன்று வேலைகளைச் செய்தாக வேண்டும். முதலில் இரத்தம் உறைய வேண்டும். அடுத்து, கிருமி பரவாமல் தடுக்கப்பட வேண்டும். கடைசியாக எலும்பு ஆற வேண்டும். நாம் பாவிக்கும் மருந்துகளில் சிலவும் எமக்கிருக்கும் நோய்களில் சிலவும் இந்த மூன்றில் ஏதாவதொன்றைப் பாதிக்கக் கூடியவை. அதனால்தான் பல் வைத்தியர் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்.

கழற்றத்தான் வேண்டுமா?

எல்லாவற்றுக்கும் முன்னர் கேட்க வேண்டிய கேள்வி இது. சூத்தை விழுந்த பல்லெல்லாம் கழற்ற வேண்டிய பல் அல்ல. சூத்தை மேலோட்டமாக இருந்தால் அடைத்துக்கொள்ளலாம். நரம்பு வரை போயிருந்தாலும், வேர்ச்சிகிச்சை மூலம் பல சந்தர்ப்பங்களில் பல்லைக் காப்பாற்ற முடியும். பாதிக்கப்பட்ட நரம்பை அகற்றி, வேரின் உட்பகுதியைச் சுத்தம் செய்து அடைப்பதே வேர்ச்சிகிச்சை. அதற்குச் சில தடவைகள் போக வேண்டிவரும். தனியார் துறையில் செலவும் கூடுதல். ஆனால் கழற்றிய இடத்தை வெறுமையாக விட்டால், காலப்போக்கில் பக்கத்துப் பற்கள் அந்த இடைவெளியை நோக்கிச் சாயும். எதிர்த் தாடையிலுள்ள பல் இறங்கியோ உயர்ந்தோ வரும். கடித்து மெல்வது பாதிக்கப்படும். பிறகு அந்த இடத்துக்குப் பல் கட்ட நினைத்தால் செலவு வேறு.

ஆகவே கதிரையில் அமர்ந்ததும் "கழட்டிவிடுங்க" என்று சொல்வதற்கு முன்னர், "இதைக் காப்பாற்ற வழி இருக்கிறதா?" என்று கேளுங்கள். காப்பாற்ற முடியாத அளவுக்கு உடைந்த பல், எலும்பு கரைந்து ஆடிக்கொண்டிருக்கும் பல், மீண்டும் மீண்டும் சீழ் பிடிக்கும் ஞானப்பல் போன்றவற்றைக் கழற்றுவதே சரி என்று வைத்தியர் சொன்னால், தயங்கத் தேவையில்லை. மேல் பல்லைக் கழற்றினால் கண் பார்வை குறையும் என்ற பயம் இன்னும் எமது வீடுகளில் இருக்கிறது. பல்லுக்கு உணர்வைத் தரும் நரம்பு வேறு, பார்வைக்குரிய நரம்பு வேறு. பல் கழற்றுவதால் பார்வை போவதில்லை.

இரத்தம் உறைதல்

இருதய நோயாளர்கள், பக்கவாதம் வந்தவர்கள், இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆகியோருக்கு அஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற குளிசைகள் கொடுக்கப்படுகின்றன. செயற்கை வால்வு பொருத்தியவர்களுக்கு வார்பரின் கொடுக்கப்படுகிறது. இரத்தம் இலகுவில் உறையாமல் வைத்திருப்பதே இவற்றின் வேலை. எனவே பல் கழற்றிய பின் இரத்தம் நிற்க வழமையைவிட நேரம் எடுக்கலாம்.

இதில் இரண்டு விதமான ஆபத்துகள் உள்ளன. ஒன்று, குளிசை பாவிப்பதைச் சொல்லாமல் போய்ப் பல்லைக் கழற்றுவது. வீட்டுக்கு வந்த பின் இரவிரவாக இரத்தம் கசியும்போதுதான் விடயம் வெளியே வரும். இரண்டாவது இதைவிடப் பாரதூரமானது. "பல் கழட்டப் போறோம், இரத்தம் நிற்காது" என்று நாமே முடிவெடுத்து, நான்கைந்து நாட்களுக்குக் குளிசையை நிறுத்துவது. பல்லிலிருந்து வரும் இரத்தத்தை பஞ்சு வைத்து அழுத்தியோ, தையல் போட்டோ நிறுத்திவிடலாம். மருந்தை நிறுத்தியதால் ஸ்டென்டிலோ மூளைக்குப் போகும் குழாயிலோ இரத்தம் கட்டிவிட்டால், அதை அவ்வளவு இலகுவில் சரிசெய்ய முடியாது. பல நோயாளர்களுக்கு இந்த மருந்துகளை நிறுத்தாமலேயே பல் கழற்றப்படுகிறது. நிறுத்துவதா, எத்தனை நாளைக்கு என்பதை இருதய வைத்தியரும் பல் வைத்தியருமே தீர்மானிக்க வேண்டும். நாமோ, பக்கத்து வீட்டாரோ, பாமசியில் நிற்பவரோ அல்ல. வார்பரின் பாவிப்பவர்கள் அண்மையில் எடுத்த ஐ.என்.ஆர். அறிக்கையைக் கட்டாயம் கொண்டுபோக வேண்டும்.

முன்னர் பல் கழற்றியபோதோ, கத்னாவின்போதோ, பிரசவத்தின்போதோ அளவுக்கு மீறி இரத்தம் போயிருந்தால் அதையும் சொல்லுங்கள். ஈரல் நோய் இருந்தாலும், குடும்பத்தில் இரத்தம் உறையாத நோய் யாருக்காவது இருந்தாலும் சொல்ல வேண்டும்.

எமது நாட்டில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அது டெங்கு. டெங்கில் இரத்தத்தை உறையச் செய்யும் சிறுதட்டுகள் குறைகின்றன. காய்ச்சலுடன் பல்வலியும் இருக்கும் ஒருவர், "பல்லால்தான் காய்ச்சல்" என்று எண்ணிப் பல்லைக் கழற்றப் போவது ஆபத்தாக முடியலாம். காய்ச்சல் இருந்தால் அதை முதலில் சொல்லி, தேவையான இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். காய்ச்சல் இருக்கும்போது பல்வலிக்கு டைக்ளோபெனக், ஐபுபுரூபன், அஸ்பிரின் போன்றவற்றை நீங்களாகப் பாவிக்க வேண்டாம். டெங்காக இருந்தால் இவை இரத்தக் கசிவைக் கூட்டும்.

கிருமி பரவாமல் தடுத்தல்

பல் கழற்றும்போது வாயிலுள்ள கிருமிகள் சிறிது நேரம் இரத்தத்தில் கலக்கின்றன. சுகமாக இருப்பவரின் உடல் அதைத் தானே சமாளித்துவிடும். செயற்கை வால்வு பொருத்தியவர்களுக்கும், முன்னர் இருதய வால்வில் கிருமித் தொற்று வந்தவர்களுக்கும், பிறவியிலேயே சில வகை இருதயக் குறைபாடு உள்ளவர்களுக்கும் அந்தக் கிருமி இருதயத்தில் தங்கிவிடக்கூடும். அதைத் தடுக்கவே அவர்களுக்குப் பல் கழற்ற முன்னர் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுக்கப்படுகிறது. சிறு வயதில் வாதக்காய்ச்சல் வந்து, மாதாமாதம் பென்சிலின் ஊசி போடுபவர்களும் கிளினிக் புத்தகத்தைக் காட்ட வேண்டும். பாடசாலைப் பிள்ளைகளிலும் இப்படியானவர்கள் இருக்கிறார்கள்.

சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் காயம் ஆறத் தாமதமாகும், கிருமித் தொற்றும் இலகுவில் ஏற்படும். அண்மையில் எடுத்த சீனி அறிக்கையைக் கொண்டுபோங்கள். சீனி நோயாளர் வெறும் வயிற்றோடு போகக் கூடாது. வழமையான காலை உணவைச் சாப்பிட்டு, வழமையான குளிசையையும் எடுத்துவிட்டுப் போங்கள். குளிசையைப் போட்டுச் சாப்பிடாமல் போனால், வரிசையில் காத்திருக்கும்போதே சீனி குறைந்து மயக்கம் வரலாம்.

பல்வலி வந்தவுடன் வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் அமொக்ஸிசிலினை இரண்டு நாளைக்கு விழுங்கும் பழக்கத்தையும் விட வேண்டும். பல்லின் நரம்பில் ஏற்படும் வலியை அந்த மருந்து தீர்ப்பதில்லை. வலி தானாக அடங்கினால்கூட நோய் உள்ளே இருந்துகொண்டே இருக்கும். வலிக்கும் பல்லில் டிஸ்பிரினை வைத்து அடக்குவதும் கூடாது. அது ஈறையும் கன்னத்தின் உட்புறத்தையும் புண்ணாக்கிவிடும்.

சில அறிகுறிகள் வந்தால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்கவே கூடாது. தாடைக்குக் கீழோ கழுத்திலோ வீக்கம் இறங்குதல், வாயைத் திறக்க முடியாமை, விழுங்க முடியாமை, மூச்சு விடச் சிரமம், கண்ணைச் சுற்றி வீங்குதல் ஆகியவையே அவை. பல்லில் தொடங்கிய தொற்று சுவாசப் பாதையை அடைக்கும் நிலைக்குப் போகக்கூடும். உடனே பெரிய வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். தேவைப்பட்டால் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்பியூலன்ஸ் உதவியைப் பெறுங்கள்.

எலும்பு ஆறுதல்

எமது தாய்மாரில் பலர் எலும்புத் தேய்வுக்காக வாரம் ஒரு தடவை அலென்ட்ரோனேட் போன்ற குளிசை பாவிக்கின்றனர். புற்றுநோயாளர் சிலருக்கு எலும்புக்காக ஊசியும் ஏற்றப்படுகிறது. இவற்றைப் பாவிப்பவர்களில் சிலருக்குப் பல் கழற்றிய பின் தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரியும் நிலை வரலாம். குளிசை பாவிப்பவர்களுக்கு இது அரிது. புற்றுநோய்க்காக ஊசி ஏற்றுபவர்களுக்கு ஆபத்துக் கூட. வாய், தொண்டைப் பகுதிக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் இதே பிரச்சினை உண்டு. கதிர்வீச்சு கொடுத்து எத்தனை வருடங்கள் கடந்திருந்தாலும் அதைச் சொல்லியாக வேண்டும். வாரம் ஒரு தடவை மட்டும் பாவிப்பதால் இதையொரு மருந்தாகவே பலர் கணக்கெடுப்பதில்லை. எனவே பிள்ளைகள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

சொல்ல வேண்டிய ஏனையவை

பிரஷர் மிக அதிகமாக, உதாரணமாக 180/110 அளவில் அல்லது அதற்கு மேல் இருந்தால், அவசரமில்லாத பல் கழற்றலை வைத்தியர் பொதுவாகப் பிற்போடுவார். அன்று காலைக் குளிசையைத் தவறவிட வேண்டாம். ஆஸ்துமா, வலிப்பு, சிறுநீரக நோய் ஆகியவற்றையும், பென்சிலின் உட்பட எந்த மருந்துக்காவது ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் சிறிதும் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். வயிறு வெளியே தெரியாத முதல் மாதங்களில்தான் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அவசரமில்லாத சிகிச்சைக்கு நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரையான காலம் வசதியானது. சீழும் வீக்கமும் இருந்தால் எந்த மாதமானாலும் வைத்தியரிடம் போக வேண்டும். பெண் வைத்தியரிடம் காட்ட விரும்புபவர்கள் எந்த நாளில் அவர் கடமையில் இருப்பார் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளலாம்.

கதிரையில் அமர்ந்த பின்

எந்தப் பல் என்பதை விரலால் தொட்டுக் காட்டி உறுதிப்படுத்துங்கள். வலி ஒரு பல்லில் இருக்க, பக்கத்துப் பல்லில் இருப்பதாக உணர்வது சாதாரண விடயம். தேவையானால் எக்ஸ்ரே எடுப்பார்கள்.

விறைப்பு ஊசி வலியைத்தான் தடுக்கும், அழுத்தத்தை அல்ல. பல்லை அசைக்கும்போது தள்ளுவது போலவும் இழுப்பது போலவும் தெரியும், சத்தமும் கேட்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். கூரான வலி இருந்தால் கையை உயர்த்திச் சொல்லுங்கள், மேலும் மருந்து ஏற்றுவார்கள். கடுமையாகச் சீழ் பிடித்திருக்கும் இடத்தில் விறைப்பு ஊசி சரியாக வேலை செய்யாமல் போகலாம். "இன்று கழற்ற முடியாது" என்று சில வேளைகளில் திருப்பி அனுப்புவதற்கு அதுவும் ஒரு காரணம். அதை அலட்சியம் என்று எண்ணிக் கோபப்படத் தேவையில்லை.

அரச வைத்தியசாலைகளில் பல் கழற்றுவது இலவசம். தனியாரிடம் போவதானால் அவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்ற பல் வைத்தியர்தானா என்று பாருங்கள். கட்டுப்பல் செய்துகொடுப்பவரெல்லாம் பல் வைத்தியர் அல்லர்.

முதல் 24 மணித்தியாலம்

கழற்றிய குழியில் உறையும் இரத்தக்கட்டிதான் அந்தக் காயத்தின் மூடி. அது கழன்றுவிட்டால் இரத்தம் மீண்டும் வரும். அல்லது எலும்பு திறந்துபோய், மூன்றாம் நாளளவில் காது வரை இழுக்கும் கடும் வலி வரும். பஞ்சை அரை மணித்தியாலம் வரை இறுக்கமாகக் கடித்திருங்கள். அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டாம். முதல் நாள் வாய் கொப்பளிப்பது, பலமாகத் துப்புவது, ஸ்ட்ரோவால் உறிஞ்சுவது, சூடான தேநீர், கடினமான உணவு எல்லாவற்றையும் தவிருங்கள். புகைத்தலும் வெற்றிலையும் காயம் ஆறும் வரை வேண்டவே வேண்டாம். மறுநாளிலிருந்து இளஞ்சூட்டு உப்பு நீரால் மெதுவாக அலசலாம். வலிக்குப் பரசிட்டமோல் போதுமானது. வளர்ந்தவர் ஒருவர் ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. உமிழ்நீரில் இளஞ்சிவப்பாகத் தெரிவது வழமையானது. வாய் நிறைய இரத்தம் வந்தால், சுத்தமான துணியை மடித்து வைத்துக் கடித்து அழுத்துங்கள். அப்படியும் நிற்காவிட்டால் வைத்தியசாலைக்குத் திரும்பிச் செல்லுங்கள்.

இங்கேதான் எமக்கே உரிய ஒரு விடயம் வருகிறது. நாளொன்றுக்கு ஐவேளை வுழூச் செய்யும் நாம், பழக்க தோஷத்தில் ஒவ்வொரு தடவையும் வாயைப் பலமாகக் கொப்பளித்துத் துப்பிவிடுகிறோம். காலையில் பல் கழற்றி, ளுஹருக்கு வுழூச் செய்யும்போது இரத்தக்கட்டி கழன்றுவிடும். இந்நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் வுழூவின்போது வாய் கொப்பளிப்பது சுன்னத்தே தவிர பர்ளு அல்ல. ஆகவே அந்த ஒரு நாள் அதை விடுவதால் வுழூவுக்குக் குறையில்லை. மிஸ்வாக் செய்பவர்களும் காயப் பக்கத்தைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

ரமழானில் பொறுத்துக்கொள்ளக் கூடிய பல்லாக இருந்தால் நோன்பு முடியும் வரை, அல்லது இரவு வேளைக்குப் பிற்போடலாம். சீழ், வீக்கம், காய்ச்சல் உள்ளவர் நோன்பைக் காரணம் காட்டித் தாமதிக்கக் கூடாது. நோயாளிக்கு நோன்பை விட்டுப் பின்னர் கழாச் செய்யும் சலுகை உண்டு. ஊசி, இரத்தம் விழுங்குதல் பற்றிய சந்தேகங்களை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிள்ளைகளின் பற்கள்

ஆசிரியர் என்ற வகையில் பெற்றோருக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிள்ளைக்கு ஆறு வயதளவில், பால் பற்களுக்குப் பின்னால் நிரந்தரமான முதலாவது கடைவாய்ப்பல் முளைக்கிறது. அதற்காக எந்தப் பல்லும் விழுவதில்லை. அதனால் அதையும் பால் பல் என்று எண்ணி, "கழட்டினால் திரும்ப முளைக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். அது திரும்ப முளைக்காது. பால் பல்லைக்கூட உரிய காலத்துக்கு முன் கழற்றினால், பின்னால் வரும் பல்லுக்கு இடமில்லாமல் போய்ப் பற்கள் கோணலாகலாம். பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்துக்குப் பிள்ளையை அனுப்பும்படி துண்டு வந்தால், "வலி இல்லையே" என்று அதைக் கிழித்துப் போடாதீர்கள். வலி வர முன்னர் போனால்தான் அடைத்துக் காப்பாற்ற முடியும்.

வளர்ந்தவர்களுக்கும் ஒன்று. காரணமில்லாமல் ஆடத் தொடங்கும் ஒற்றைப் பல், இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், வாயில் வெள்ளை அல்லது சிவப்புப் படலம் ஆகியவற்றைப் பல்லோடு முடிந்துபோகும் விடயமாக நினைக்க வேண்டாம். இந்நாட்டு ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோயும் ஒன்று. வெற்றிலை, பாக்கு, புகையிலை பாவிப்பவர்கள் இந்த அறிகுறிகளைக் கண்டால் உடனே காட்ட வேண்டும்.

ஒரு துண்டுக் கடதாசி போதும்

இத்தனையையும் மனனம் செய்யத் தேவையில்லை. ஒரு துண்டுக் கடதாசியில் நான்கு விடயங்களை எழுதினால் போதும். இருக்கும் நோய்கள், பாவிக்கும் மருந்துகளின் பெயர்களும் அளவுகளும், ஒவ்வாத மருந்துகள், முன்னர் செய்த சத்திரசிகிச்சைகள். பெயர் தெரியாவிட்டால் குளிசை அட்டைகளையே ஒரு பையில் போட்டுக் கொண்டுபோகலாம். நாட்டு மருந்து, யூனானி மருந்து பாவித்தால் அதையும் எழுதுங்கள். வயதான உம்மா, வாப்பாவுக்கு இதை நீங்களே எழுதிக் கொடுங்கள். முடிந்தால் கூடவே போங்கள். அரச வைத்தியசாலையில் நீண்ட வரிசையைப் பார்க்கும் ஒரு வைத்தியருக்கு ஒவ்வொருவரிடமும் விரிவாகக் கதைத்து எடுக்க நேரம் கிடைப்பதில்லை. அந்தத் துண்டைக் கையில் கொடுத்தால் அரை நிமிடத்தில் வாசித்து, இன்றைக்குக் கழற்றலாமா, வேறு வைத்தியரிடம் கேட்க வேண்டுமா என்று அவரே முடிவெடுப்பார்.